வாந்தி பேதி வார்டுக்கு வந்த கொரோனா

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மனிதர், என்னை நர்ஸ் என்று தெரிந்துகொண்டதும் ஆரம்பித்துவிட்டார். "கொரோனா கொரோனான்னு சும்மா பயம் காட்டிட்டாங்க சிஸ்டர். மிஞ்சிப் போனா கொஞ்சம் இருமல், சளி. அவ்ளோதானே?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறந்தால் பாயசம் வருகிற வரை மூட மாட்டேன், அதுவும் நான் சொல்ல வேண்டிய விஷயம் சாப்பிடும்போது சொல்லக்கூடியதல்ல. அதனால் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சும்மா இருந்தேன். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். கொரோனா இருமிக்கொண்டுதான் வரும் என்று யாரும் நம்ப வேண்டாம். எங்கள் ஊரில் அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது.

என் பெயர் ரெஜினா. அரசு ஆஸ்பத்திரிகளில் செவிலியராக வேலை பார்த்து, ஆம்பூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். படித்தது வேலூரில். படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டில் விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் விரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், அழாமல் ஊசி போடச் சொல்லிக்கொடுத்தார்கள், அழுதுவிட்டால் யாரும் பார்ப்பதற்குள் முகம் கழுவச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கலவை, பேரணாம்பட்டு என்று சுற்றிவிட்டுக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன்.

வந்ததிலிருந்து எனக்கு வாய்த்தது வாந்தி பேதி வார்டு. மற்ற சிஸ்டர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இடம். நான் ஓடவில்லை. ஒருத்தர் உள்ளே நுழையும்போதே கண் குழி விழுந்திருக்கிறதா, நாக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, எவ்வளவு தண்ணீர் உடம்பில் ஏற்ற வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவேன். அந்த வேலையில் எனக்குத் திமிர் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அது கம்மி ஆகவில்லை.

எங்கள் பெரிய டாக்டர் கோதண்டராமன். ஆற்காட்டுக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்ப நேரம் துடைத்தால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். நோயாளியின் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் கையை வெந்நீரில் கழுவித் துடைத்துக்கொள்வார். "சில்லுன்னு கை பட்டா வயிறு விறைச்சிக்கும். அப்புறம் எங்க அமுக்குனாலும் வலிக்குதுன்னுதான் சொல்லும்" என்பார். அமுக்கும்போது வயிற்றைப் பார்க்க மாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். அடுத்து விசாரணை. நேத்து இன்னா சாப்ட்ட? அதுக்கு முன்னால? அந்தக் குழம்பு யார் வெச்சது? அவங்களுக்கும் போவுதா? போலீஸ்காரர் தோற்றுப்போவார்.

இன்னொரு பழக்கம் அவருக்கு இருந்தது. யாராக இருந்தாலும், காலில் முள் குத்தி வந்தவராக இருந்தாலும், மூச்சை எண்ணியாக வேண்டும். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது போல நின்றுகொண்டு, கண்ணால் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தன்னை அறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். முழு நிமிடம் எண்ண வேண்டும். வந்த புதிதில் நான் அரை நிமிடம் எண்ணி இரட்டித்துச் சொன்னேன். "பஸ் புடிக்கணுமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு நான் குறுக்கு வழியில் போகவில்லை.

கொரோனா வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தகரக் கொட்டகை போட்டு ஆட்களைப் பிரித்தார்கள். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்றால் வலது பக்கம், கொரோனா வார்டு. மற்றதெல்லாம் இடது பக்கம். வயிற்றுப்போக்கு என்று சொன்னவர்கள் நேராக என்னிடம் வந்தார்கள். ஆரம்பத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான் பிரித்திருப்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு கூடுதல் சிக்கல் இருந்தது.

இங்கே வயிற்றால் போனால் யாரும் காரணம் தேட மாட்டார்கள், காரணம் தயாராக இருக்கும். "போர் தண்ணி சிஸ்டர்." பாலாற்றங்கரை முழுக்கத் தோல் பதனிடுகிற ஷாப்புகள் இருக்கிற ஊரில் தண்ணீர் மேல் பழி போடுவது சுலபம், பல நேரம் அது நியாயமும்கூட. தண்ணீர் இல்லை என்றால் பிரியாணி. "சண்டே கொஞ்சம் ஜாஸ்தி ஆய்ட்ச்சிம்மா" என்று ஒரு பாய் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னது ஞாபகம் இருக்கிறது. வாசனை தெரிகிறதா என்று கேட்டால், ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். தோல் ஊறி நாறுகிற சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்றவனிடம் போய் மூக்கு வேலை செய்கிறதா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? காய்ச்சலும் அப்படித்தான். கம்பெனி கேட்டில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி மெஷினை நீட்டிச் சூடு பார்த்தார்கள். சூடு இருந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வேலை போய்விடும் என்று பயம். அதனால் காலையில் இட்லி சாப்பிடுகிற மாதிரி காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனார்கள். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற மெஷின் கம்மியாகக் காட்டினால் அதற்கும் ஒரு சாக்கு இருந்தது. சாயம் ஏறிய விரலில் அந்த மெஷின் தடுமாறும். "சாயக் கை மேடம், அப்டித்தான் காட்டும்" என்று எங்கள் நர்ஸ் பெண்களே சொல்லப் பழகிவிட்டார்கள்.

நோய்க்கு இருக்கிற ஒவ்வொரு அடையாளத்துக்கும் எங்கள் ஊரில் ஒரு பதில் ஏற்கெனவே இருந்தது. அதுதான் சிக்கல்.

அந்தச் சமயத்தில்தான் வசந்தா வந்தாள். செருப்புக் கம்பெனி ஒன்றில், தைத்து முடித்த தோலின் ஓரத்துக்குக் கறுப்பு மை தடவுகிற செக்ஷனில் வேலை. பத்து விரலும் நுனியில் கறுப்பு. ரெண்டு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. மூக்கில் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். கொட்டகையில் இடது பக்கம் காட்டிவிட்டார்கள்.

வரும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் வந்தாள். "நல்ல தண்ணி நாலு நாளா வர்ல சிஸ்டர், போர் தண்ணிய காய்ச்சாம குட்ச்சிட்டேன், என் புத்திய செருப்பால அடிக்கணும். நாளைக்கி வுட்ருவீங்க இல்ல?" என்று கேட்டாள். ட்ரிப்ஸ் போட்டேன், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கையில் கொடுத்தேன். கண்ணில் குழி இல்லை, நாக்கிலும் ஈரம் இருந்தது. இந்த அளவு வறட்சிக்கு அவ்வளவு அசதி கூடாதே என்று ஒரு எண்ணம் ஓடியது. மூச்சை எண்ணினேன், கொஞ்சம் வேகம். டாக்டரிடம் சொன்னேன். "நாளைக்கு நான் வந்ததும் மொத ஆளா இவங்களப் பாக்கறேன்" என்றார்.

மறுநாள் காலையில் வசந்தா பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

"எப்டி இருக்க வசந்தா?"

"நல்லா கீறேன்."

"வயிறு?"

"பரவால்ல."

"மூச்சு?"

"ஒண்ணும் இல்ல."

முந்தின நாள் ஒரு கேள்விக்கு ஒரு கதை சொன்னவள் இன்றைக்கு ஒரு வார்த்தையோடு நிறுத்துகிறாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முழு நிமிடம் எண்ணினேன். முப்பதைத் தாண்டியது. விரலில் மெஷின் மாட்டினால் எண்பத்து ஐந்தில் ஆடுகிறது. எனக்குப் பின்னால் நின்ற நர்ஸ் பெண், "சாயக் கை மேடம்" என்றாள். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். ரெண்டு கையுறையைப் போட்டுக்கொண்டும் அந்த மனிதர் வெந்நீரில் கையை நனைத்துவிட்டுத்தான் வயிற்றைத் தொட்டார். வயிறு மெத்தென்று இருந்தது. பிறகு அவரும் மூச்சை எண்ணினார். "காலுக்குச் சாயம் போடல இல்ல? கால்ல பாருங்க சிஸ்டர்" என்றார்.

பாதம் சில்லிட்டிருந்தால் அங்கேயும் மெஷின் ஏமாற்றும். சூடு வரும்வரை என் ரெண்டு கையாலும் அவள் பாதத்தைத் தேய்த்துவிட்டுக் கட்டைவிரலில் மாட்டினேன். அதே எண்தான் வந்தது. பொய் சொன்னது மெஷின் இல்லை.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க முடியாது, மேலே முகம் முழுக்க மூடிய கவசம். அதனால் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "டெஸ்ட் நெகட்டிவ்னு வந்திருக்கு. அது தப்பா இருக்கலாம், திருப்பி எடுக்கச் சொல்றேன். ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் இவங்கள எங்க வெக்கறது? கொரோனா வார்டுல போட்டு, இல்லன்னு ஆச்சுன்னா அங்கயே வாங்கிக்குவாங்க. இங்கயே வெச்சு, இருக்குன்னு ஆச்சுன்னா சுத்தி இருக்கறவங்களுக்குக் குடுத்துடுவாங்க. இங்க ஆக்ஸிஜனும் இல்ல" என்றார்.

"எங்க ரூம் இருக்கு சார்" என்றேன்.

சிஸ்டர்கள் உடை மாற்றவும் சாப்பிடவும் இருந்த ஒரே அறை அது. கவச உடையைக் கழற்றிவிட்டு மனுஷியாக மூச்சு விட அந்த ஓர் இடம்தான் எங்களுக்கு இருந்தது. "நாங்க எங்க மேடம் சாப்புட்றது?" என்று பெண்கள் முகத்தைத் தூக்கினார்கள். "புங்க மரத்தடில சாப்புடுங்க, காத்து நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு மேசையை நானே இழுத்து வெளியே போட்டேன். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து வைத்தோம். கட்டில் வந்தது. வசந்தாவை மாற்றினோம்.

மாற்றியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆக்ஸிஜன் மாஸ்க்கை முகத்துக்குக் கொண்டுபோனதும் தட்டிவிட்டாள். கையிலிருந்த ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள். "கொரோனா வார்டுக்குக் கொண்டு போவீங்க. எனக்குத் தெரியும். நான் போ மாட்டேன். கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வூட்டுக்குப் போறேன். என் பொண்ணு கேட்டுல நிக்கிது, அவள கூப்டுங்க" என்றாள். ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

கையெழுத்துப் போட்டால் நாங்கள் விட்டாக வேண்டும். அந்த மூச்சோடு வீட்டுக்குப் போனால் அவள் பிழைக்க மாட்டாள். டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மகளைக் கேட்டிலிருந்து போனில் பேச வைத்தார். அந்தப் பெண்ணும் அழுதுகொண்டு, "அம்மா, இங்கயே இரும்மா" என்றாள். வசந்தா போனைத் திருப்பிப் போட்டுவிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "நான் நின்னா கேக்க மாட்டாங்க. நீங்க பேசுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவை ஒருக்களித்தார்.

"போ மாட்டேன்னா போவாத. ஏன்னு மட்டும் சொல்லு" என்றேன்.

"என் தம்பி அங்கதான் செத்தான்."

"யாரு உன் தம்பி?"

"சேகரு. பேர்ணாம்பட்டுல தோல் ஷாப்புல இருந்தான். அவனுக்கும் மொதல்ல வயித்தாலதான் போச்சு. மாதுளந்தோல கொதிக்க வெச்சுக் குடுத்தோம், கட்டி டீயில எலுமிச்சம்பழம் புழிஞ்சிக் குடுத்தோம். மூச்சு வாங்குன அப்புறம்தான் தூக்கினு வந்தோம். வலது பக்கம் கொண்டு போனீங்க. என்னை உள்ள வுடல. மூட்டையா கட்டித்தான் குடுத்தீங்க." சொல்லிவிட்டு ரொம்ப நேரம் மூச்சு வாங்கினாள். "என்னை எப்டிக் கூப்ட்டிருப்பான். பக்கத்துல ஒரு நாய் கூட இருந்திருக்காது."

சேகரை எனக்குத் தெரியும். ஆள் பற்றாக்குறையில், அவன் இருந்த வாரம் நான் கொரோனா வார்டிலும் டியூட்டி பார்த்தேன்.

"நான் இருந்தேன் வசந்தா" என்றேன்.

கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இடது புருவத்துல ஒரு தழும்பு. சின்ன வயசுல கிணத்துப் படியில வுழுந்தது, எங்க அக்காதான் தூக்கினு ஓடுச்சின்னு சொன்னான். மத்தியான நேரம். சூடா ஒரு டீ வேணும்னு கேட்டான். குடுக்க முடியல. மாஸ்க்க எடுத்தா மூச்சு நின்னுடும். உங்க அக்கா கேட்டுல நிக்குது, வரச் சொல்லட்டுமான்னு நான் கேட்டேன். வேணாம் சிஸ்டர், வுட்றாதீங்க, அதுக்கு ஒட்டிக்கும், அதுக்கு ஒரு பொண்ணு இருக்குதுன்னான். உன்ன உள்ள வுட வேணாம்னு சொன்னது அவன்தான். அப்புறம் என் கையப் புடிச்சிக்கினான். அவன் வுடற வரைக்கும் நான் எடுக்கல."

வசந்தா அழுதாள். அழுவதற்கும் மூச்சு வேண்டுமே, அது இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். நானும் அழுதேன். கண்ணாடிக் கவசத்துக்குள் அழுதால் துடைக்க முடியாது, அப்படியே காய வேண்டியதுதான். அவள் என் கையுறையைப் பிடித்து இழுத்தாள்.

"மூச்சு முட்டுது சிஸ்டர். நேத்துலேர்ந்து முட்டுது" என்றாள்.

"காய்ச்சல்?"

"மாத்திரை போட்டுக்கினேதான் இருந்தேன். ஒரு வாரமா. கேட்டுல திருப்பி அனுப்பிடுவாங்க."

மாஸ்க்கை எடுத்து முகத்தில் வைத்தேன். இந்த முறை அவளே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

இதற்குப் பிறகுதான் எங்களுக்கு உண்மையான வேலை. அப்போது எல்லா இடத்திலும் ஆக்ஸிஜன் கம்மியானவர்களைக் குப்புறப் படுக்க வைத்தோம், மூச்சு கொஞ்சம் சுலபமாகும் என்பதால். ஆனால் வாந்தியும் வயிற்று வலியும் இருக்கிறவளைக் குப்புறப் போட்டால் என்ன ஆகும்? போட்ட உடனே வாந்தி. டாக்டர் யோசித்துவிட்டு, நெஞ்சுக்கு அடியில் ஒரு தலையணை, இடுப்பு எலும்புக்கு அடியில் ஒரு தலையணை, நடுவில் வயிறு அமுங்காமல் தொங்கட்டும் என்றார். அப்படிச் செய்ததும் தாங்கினாள். வாந்தி வரும்போது ஒருக்களிக்க வைப்பது, நின்றதும் மறுபடி குப்புறப் போடுவது. துணியை மாற்றுவது, துடைப்பது, மறுபடி மாற்றுவது. முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்த பெண்கள்தான் இதையெல்லாம் செய்தார்கள், ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை.

தண்ணீர் விஷயம் அதைவிடக் கஷ்டம். வாந்தி பேதிக்கு நாங்கள் தாராளமாகத் தண்ணீர் ஏற்றிப் பழகியவர்கள். இந்த நோயில் அதிகம் ஏற்றினால் நுரையீரல் தாங்காது. கம்மியாக ஏற்றினால் சிறுநீரகம் தாங்காது. "ஸ்பூன்ல குடுங்க சிஸ்டர், கொழந்தைக்குக் குடுக்கற மாதிரி" என்றார் டாக்டர். ஒரு வாய் கொடுத்து, அது உள்ளே தங்குகிறதா என்று காத்திருந்து, அடுத்த வாய். வந்து போகிறவர்கள் எல்லாம் ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டுப் போனோம். டாக்டரும் கொடுத்தார்.

ரெண்டாவது டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்தது. வலது பக்கம் மாற்றும்போது நான் ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்தேன். வசந்தா கண்ணை இறுக்கி மூடி, மாஸ்க்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஒரு நாள் டாக்டரே நம்பிக்கை இழந்த முகத்தோடு வந்தார். அதையும் தாண்டினாள்.

அன்றிலிருந்து கொட்டகையில் முறை மாறியது. வயிற்றால் போகிறது என்று யார் வந்தாலும் மூச்சை எண்ணாமல், சாயம் படாத விரலில் மெஷின் மாட்டாமல், காய்ச்சல் மாத்திரை போட்டாயா என்று நேராகக் கேட்காமல் இடது பக்கம் அனுப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் அறை எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. வயிற்றோடு வருகிறவர்கள் ரிசல்ட் வரும்வரை இருக்கிற அறை ஆகிவிட்டது. நாங்கள் மரத்தடியிலேயே சாப்பிட்டோம்.

வசந்தாவை வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. அந்தச் சமயத்தில் குணமாகிப் போகிறவர்களுக்கு வாசலில் வரிசையாக நின்று கைதட்டுவது ஒரு வழக்கம். எங்கள் பெண்கள் எல்லாம் தயாராக நின்றார்கள். நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கொட்டகைப் படியில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் பையோடு நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் அசையவில்லை.

"ஏய் சுமதி" என்றாள் வசந்தா. அதே கம்பெனியில், அதே செக்ஷனில் வேலை செய்கிற பெண்ணாம்.

"வெறும் வயித்து வலிதான்க்கா. தண்ணி ஒத்துக்கல. இவுங்க உள்ள வா உள்ள வான்றாங்க. நான் வூட்டுக்குப் போறேன்" என்றாள் சுமதி. அந்த ரெண்டு வரிக்கு நடுவில் மூணு இடத்தில் மூச்சு வாங்கினாள்.

வசந்தா நாற்காலியிலிருந்து எழுந்தாள். நான் பிடிக்கப் போனேன், கையைத் தள்ளிவிட்டுத் தானே நின்றாள்.

"இதத்தாண்டி நானும் சொன்னேன். தண்ணின்னேன், மூச்சு நல்லா கீதுன்னேன். என் தம்பி அந்த வார்டுலதான் செத்தான். ஆனா தனியா சாவல. இந்தம்மா கையப் புடிச்சிக்கினு இருந்தாங்க. நான் பொழச்சி வூட்டுக்குப் போறேன், பாரு. இப்ப நெஜத்தச் சொல்லு. மூச்சு முட்டுதா?"

சுமதி புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"முட்டுதுக்கா" என்றாள்.

கைதட்ட நின்ற பெண்கள் எல்லாரும் வரிசையை விட்டு ஓடிவந்து அவளைத் தூக்கினார்கள். ஒருத்தி சிலிண்டரைத் திறக்கப் போனாள், ஒருத்தி கட்டில் போடப் போனாள், நானும் நாற்காலியைக் கொண்டுபோய் சுமதியை உட்கார வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வசந்தாவின் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தால், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தாள். கைதட்ட அங்கே யாருமே இல்லை.